ஆர்டர் தேடிப் போய் ஆர்டரைக் குறைத்துக்கொண்டு வந்தேன்: சிறுதொழில்காரர்கள் வட்டத்தில் 6 மாதம்

சிறுதொழில்காரர்கள் கூடித் தங்கள் தொழில் சிக்கல்களைப் பேசும் ஒரு வட்டத்தில் சேர்ந்தேன். அதன் முதல் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு தாள் வந்தது. பெயர், தொழில், எத்தனை வருட அனுபவம் என்ற வழக்கமான கட்டங்களுக்குக் கீழே ஒரு கேள்வி: ‘சென்ற வாரம் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீர்கள்?’ யோசிக்காமல் 50 என்று எழுதிவிட்டேன். வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: ‘இன்றிலிருந்து 14 நாள் குறித்து வையுங்கள்.’

கட்டிங் மேஜையின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். ஒரு கோடு அரை மணி நேரம். முதல் வாரம் 142 கோடு வந்தது. அதாவது 71 மணி நேரம். எண்ணுவதில் தப்பு என்று நினைத்து இரண்டாவது வாரம் இன்னும் கவனமாகப் போட்டேன். 133. அதில் நான் உண்மையில் துணி வெட்டியதும் தைத்ததும் 58 கோடுகூட இல்லை. மீதி எல்லாம் பாக்கி கேட்டுப் போன் செய்தது, துணி எடுக்க அலைந்தது, டெலிவரிக்கு ஓடியது, அளவு மாறிப் போனதற்குச் சமாதானம் சொன்னது, ராத்திரி உட்கார்ந்து பில் எழுதியது.

நான் சீருடை தைப்பவள். மருத்துவமனை ஊழியர், விடுதி ஊழியர், சமையல்கூட ஊழியர் போடும் கோட்டு, ஏப்ரன், சட்டை. 11 வருடமாக இதே வேலை. நாலு தையல் மிஷின், துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மிஷின் ஒன்று, பட்டன் துளை போடும் காஜா மிஷின் ஒன்று, என்னோடு நாலு பேர். இந்த வட்டத்தைப் பற்றி எனக்குச் சொன்னவர், “நாலு தொழில்காரங்க பழக்கம் கிடைக்கும்” என்றார். என் காதில் அது ‘நாலு ஆர்டர் கிடைக்கும்’ என்றுதான் விழுந்தது. அந்த நப்பாசையில்தான் சந்தா கட்டினேன்.

பெயரை எழுதப் போவதில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அங்கே பேசியது அங்கேயே இருக்க வேண்டும் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அதனால் மற்றவர்கள் கதையில் அவர்களிடம் கேட்டு அனுமதி வாங்கியதை மட்டும் சொல்கிறேன், அதிலும் சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். இதே அச்சில் நடக்கும் வட்டங்கள் பல இருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்த ஒன்றில் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கு இது உதவலாம்.

ஆறு பேர், நடத்துபவர் ஒருவர். 15 நாளுக்கு ஒரு மாலை, இரண்டு மணி நேரம், மொத்தம் 12 கூட்டம். முழுச் சந்தாவும் முன்பணம். இரண்டாவது கூட்டத்துக்குள் வேண்டாம் என்றால் திருப்பித் தருவார்கள், அப்புறம் கிடையாது. ஒரே தொழிலில் இருக்கும் இரண்டு பேரை ஒரே வட்டத்தில் போடுவதில்லை. ஒருவருக்கொருவர் எதையும் விற்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைப் படித்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆர்டர் கிடைக்கும் என்று வந்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்!

ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு பேர் தங்கள் விஷயத்தைப் பேசுவார்கள். ஆளுக்கு 40 நிமிடம். முதல் 10 நிமிடம் அவர் சொல்ல வேண்டும், யாரும் குறுக்கே பேசக் கூடாது. அடுத்த 15 நிமிடம் கேள்வி மட்டும். ‘இப்படிச் செய்திருக்கலாமே?’ என்று யோசனையைக் கேள்வி மாதிரி மாற்றிக் கேட்டால் நடத்துபவர் கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். அதற்கடுத்த 10 நிமிடத்தில் மற்றவர்கள் தங்களுக்கு நடந்ததைச் சொல்லலாம். ‘நீங்கள் இப்படிச் செய்யுங்கள்’ என்பது கூடாது, ‘நான் இப்படிச் செய்தேன், இப்படி ஆயிற்று’ என்று மட்டும். கடைசி 5 நிமிடத்தில், அடுத்த கூட்டத்துக்குள் என்ன செய்யப் போகிறேன் என்று பேசியவரே சொல்லி முடிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் போக மிஞ்சும் 40 நிமிடம், போன தடவை சொன்னதைச் செய்தோமா இல்லையா என்று பார்ப்பதற்கு.

காகிதத்தில் பார்க்க இது பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இதற்கு முன் தொழில்காரர்கள் கூடும் வேறு சில இடங்களுக்குப் போயிருக்கிறேன். அங்கே யாரைக் கேட்டாலும் “பிசினஸ் சூப்பரா போகுது” என்பார்கள். ஒருவர் சூப்பர் என்று சொன்ன பிறகு அடுத்தவர் எப்படி ‘என் மிஷின் வாங்கிய கடனில் மூன்று தவணை நிற்கிறது’ என்று சொல்வார்? நானும் சூப்பர் என்று சொல்லி விசிட்டிங் கார்டு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். எல்லோரும் ஒருவருக்கொருவர் வாடிக்கையாளராக ஆகக்கூடிய இடத்தில் உண்மை வெளியே வராது. விற்கக் கூடாது என்ற விதி ஏன் என்பது எனக்குப் புரிய மூன்று கூட்டம் ஆயிற்று.

என் முறை மூன்றாவது கூட்டத்தில் வந்தது.

10 நிமிடத்தில் நான் சொன்னதன் சாரம்: வேலை நிறைய இருக்கிறது, ஆள் போதவில்லை, இன்னொரு ஓவர்லாக் மிஷின் வாங்கலாமா? கேள்வி நேரம் தொடங்கியதும் அச்சகக்காரர், “உங்க வேலையில எத்தனை பங்கு ஒரே இடத்துலேர்ந்து வருதுங்க?” என்றார். தெரியவில்லை என்றேன். பில் புத்தகம் பையில் இருந்தது, கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அங்கேயே கூட்டிப் பார்த்தோம். 58 சதவீதம் ஒரே நிறுவனம். “அவங்க எத்தனை நாள்ல பணம் தர்றாங்க?” 45 நாள் என்றேன். “பேச்சுல 45ஆ, கையில வர்றது 45ஆ?” பில்லைப் புரட்டினால் 88, 93, 90. சராசரியாக 90 நாள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மரவேலை செய்யும் அண்ணன் ஒருவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கோடு ஒன்று இழுத்தார். நான் துணி வாங்கும் நாள் கோட்டின் தொடக்கம். துணிக்காரருக்கு 15ஆம் நாள் பணம் கொடுத்துவிடுகிறேன். துணி வந்து, வெட்டி, தைத்து, அயர்ன் போட்டு டெலிவரி கொடுக்க 20 நாள். அதிலிருந்து 90 நாள் கழித்து, அதாவது 110ஆம் நாள் எனக்குப் பணம் வருகிறது. 110இல் 15 போனால் 95. “95 நாள் அந்தக் கம்பெனிக்கு நீங்க வட்டியில்லாக் கடன் குடுத்துட்டு இருக்கீங்கக்கா” என்றார். நடுவில் வாராவாரம் சம்பளம் வேறு. ஆர்டர் பெரிதாகப் பெரிதாக என் கையில் பணம் ஏன் குறைகிறது என்று இரண்டு வருடமாகப் புரியாமல் கிடந்தேன். வியாபாரம் வளர்ந்தால் இந்த 95 நாளில் முடங்கும் தொகையும் சேர்ந்து வளரும், அவ்வளவுதான் விஷயம். பெரிய நிறுவனங்களில் இதைக் கவனிக்கவே தனி ஆள் உண்டு. எனக்கு வழிகாட்ட ஒரு தாளும் பென்சிலும் அந்த அண்ணனும் தேவைப்பட்டார்கள்.

கேள்வி நேரம் முடிய இரண்டு நிமிடம் இருந்தது. அதுவரை வாயே திறக்காத நாற்றங்கால் வைத்திருக்கும் அக்கா மெதுவாகக் கேட்டார்: “நீங்க இந்த ஆர்டர எல்லாம் எடுக்கறது பணத்துக்கா, இல்ல வேண்டாம்னு சொல்ல பயமா?”

பதில் சொல்லவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. யாரும் தட்டிக்கொடுக்க வரவில்லை, “பரவாயில்ல விடுங்க” என்றும் சொல்லவில்லை. அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். ஆறுதல் என்றால் பேச்சு என்று நினைத்திருந்தேன். அந்த ஒரு நிமிடம் ஐந்து பேர் பேசாமல் இருந்தது, எனக்குக் கிடைத்த எந்த ஆறுதல் பேச்சையும்விடப் பெரிதாக இருந்தது. அந்த அக்கா அதே பயத்தில்தான் தன் நாற்றங்காலை இரண்டு மடங்காக்கி, பின்பு பாதியை விற்றிருக்கிறார் என்பது ‘எனக்கு நடந்தது’ நேரத்தில் தெரிந்தது.

ஓவர்லாக் மிஷின் வாங்கவில்லை.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இது எந்தத் தொழிலுக்கும் பொருந்தும். விலையை ஏற்றப் பயந்து நான் தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் அந்த மரவேலை அண்ணன்தான் தாள் எடுத்தார். 100க்குச் செய்யும் வேலையில் துணி, நூல், பட்டன், கூலி போக 20 நிற்கிறது என்று வையுங்கள். 10 தள்ளுபடி கொடுத்தால் 10தான் நிற்கும். பழைய லாபத்தை எடுக்க இரண்டு மடங்கு வேலை செய்ய வேண்டும். அதே விலையை 10 ஏற்றினால் 30 நிற்கும். வாடிக்கையாளரில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டாலும் பழைய லாபம் அப்படியே இருக்கும், வேலை மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். வாடகை, மிஷின் தவணை மாதிரி நிலையான செலவு இரண்டிலும் ஒன்றுதான். நாலாம் வகுப்புக் கணக்கு இது. 11 வருடத்தில் ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை. போடாததற்குக் காரணம் கணக்கு தெரியாமல் இல்லை, விடை தெரிந்துவிடுமோ என்றுதான்.

இந்த வட்டத்தில் ‘நீடித்து நிற்கும் வேலை’ என்று அடிக்கடி சொல்வார்கள். முதலில் மரம் நடுவது, பிளாஸ்டிக் பை தவிர்ப்பது என்று நினைத்தேன். அதுவும் ஒரு கூட்டத்தில் வந்தது, என் கட்டிங் கழிவை என்ன செய்கிறேன் என்றுகூடக் கேட்டார்கள். ஆனால் முக்கியமாக அவர்கள் கேட்பது இது: இன்றைக்கு வேலை செய்யும் விதத்திலேயே இன்னும் 10 வருடம் உங்களால் செய்ய முடியுமா? முடியாது என்றால் எது முதலில் உடையும்: உடம்பா, பணமா, வீடா, உங்களிடம் வேலை செய்பவர்களா?

அதற்கு நடத்துபவர் ஒருநாள் சில தகவல்கள் கொண்டுவந்தார். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று: வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து சுமார் 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் அடைப்பு நோயால் சாகும் ஆபத்து சுமார் 17 சதவீதமும் கூடுதல். 2016ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட வேலை நேரத்தால் நேர்ந்த மரணங்கள் சுமார் 7,45,000 என்று மதிப்பிட்டிருந்தார்கள். என் 71 எனக்கு ஞாபகம் வந்தது. மேஜைக் கோட்டில் 55 என்பது 110 கோடு.

அவரே இன்னொன்றும் சொன்னார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919இல் போட்ட முதல் உடன்படிக்கையே வேலை நேரம் பற்றியதுதான்: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஆனால் அதில் குடும்பத்தினர் மட்டுமே வேலை செய்யும் இடங்களுக்கும், மேற்பார்வை, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் விலக்கு. “நம்ம எல்லாரும் அந்த விலக்குலதான் உக்காந்திருக்கோம்” என்றார் அச்சகக்காரர். எல்லோரும் சிரித்தோம். என் கடையில் இருப்பவர்கள் 8 மணி நேரம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள், கிளம்பத்தான் வேண்டும். எனக்கு மணி அடிக்க ஆள் இல்லை. தையலுக்கு ஆள் வைத்ததைப் போல ‘போதும், எழுந்திரு’ என்று சொல்லவும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. காசு கொடுத்து நான் வாங்கியது அதைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

‘பர்ன்அவுட்’ என்ற சொல்லையும் அங்கேதான் சரியாகத் தெரிந்துகொண்டேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதைத் தன் வகைப்பாட்டில் விளக்கியபோது நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்றுதான் சொன்னது. அடையாளம் மூன்று: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனசு விலகிக் கசந்துபோவது, நாம் செய்யும் வேலை உருப்படியாக இல்லை என்று தோன்றுவது. முதலாவது எனக்கு எப்போதும் இருப்பதுதான், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டாவதில்தான் மாட்டிக்கொண்டேன். போன் அடித்தால் எரிச்சல், வாடிக்கையாளர் வாசலில் நின்றால் ‘இவர் ஏன் வந்தார்’ என்ற நினைப்பு. 11 வருடம் முன்பு ஒருவர் வாசலில் நின்றால் எழுந்து ஓடிப்போய் வரவேற்றவள் நான்தான்.

என் ஒரு மணி நேரக் கூலியைப் போட்டுப் பார்க்கச் சொன்னதும் ஒரு நல்ல கூட்டம். எல்லாச் செலவும் போக எனக்கு மிஞ்சுவதை, நான் உழைத்த மணியால் வகுக்க வேண்டும். ஓவர்லாக் தைக்கும் பெண்ணுக்கு ஒரு மணி நேரத்துக்கு நான் கொடுப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் எனக்கு நிற்கிறது. அவள் திறமைக்கு அவளுக்குக் கொடுப்பதே குறைவு என்பது வேறு விஷயம். முதலாளி என்று போர்டில் போட்டுக்கொண்டு, என் கடையிலேயே குறைந்த கூலிக்கு வேலை செய்யும் ஆள் நான்தான் என்று சத்தமாகச் சொன்னபோது முதலில் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் வேறு மாதிரி இருந்தது.

அச்சகக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வட்டத்துக்குப் பாதி உயிர் அவர்தான். அவருக்கு, அமெரிக்காவை நிறுவியவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் மேல் தீராத பாசம், இரண்டு பேரும் அச்சுத் தொழில் என்பதால். 1727இல் ஃபிலடெல்ஃபியாவில் இருபத்தோரு வயது ஃபிராங்க்ளின் கைத்தொழில்காரர்களைச் சேர்த்து ‘ஜுன்டோ’ என்று ஒரு குழு வைத்திருந்தார், வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடுவார்கள், அதைத் தோல் ஏப்ரன் சங்கம் என்றும் சொல்வார்கள் என்று மூன்று கூட்டத்திலாவது சொல்லியிருப்பார். ஏப்ரன் தைப்பவள் என்பதால் ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். அவர்கள் கூடும்போது கேட்டுக்கொள்ளும் கேள்விகளில் ஒன்று, சமீபத்தில் யாராவது தொழிலில் நொடித்துப் போனார்களா, காரணம் என்ன கேள்விப்பட்டீர்கள் என்பது. நான் சொல்வதுதான் சரி என்று அடித்துப் பேசினாலும், முகத்துக்கு நேரே மறுத்தாலும் சின்னதாக அபராதம். அந்த அபராதத்தை நம் வட்டத்திலும் வைக்கலாம் என்று அவர் சொன்னார். வைத்திருந்தால் முதலில் திவாலாவது அவர்தான்.

நொடித்துப் போவது பற்றிப் பேசும் அந்தக் கேள்வி வெறும் கதையாக இல்லாமல் எட்டாவது கூட்டத்தில் நிஜமாகவே வந்தது. எங்களில் ஒருவர், ஸ்டுடியோ வைத்திருந்த இளைஞர், “மூடப் போறேன்” என்றார். நம்பிக்கை கொடுக்கும் பேச்சு ஆரம்பிக்கும் என்று எதிர்பார்த்தேன். விடாதே, இன்னும் ஆறு மாதம் பார், விளம்பரம் கொடு என்று. ஒருவரும் சொல்லவில்லை. கணக்கு எழுதிக்கொடுக்கும் தொழில் செய்பவர் கேட்டார்: “மூடற அன்னிக்கு யார் யாருக்கு எவ்வளவு தரணும்?” அவரிடம் பட்டியல் இல்லை. அன்று 40 நிமிடம் 70 நிமிடமாக ஓடியது, அடுத்தவர் தன் முறையை விட்டுக்கொடுத்தார்.

அந்தப் பட்டியலைப் போட்டதில் எனக்குத் தெரியாத பல விஷயம் இருந்தது. வேலை செய்தவர்களின் சம்பளப் பாக்கியை முதலில் எடுத்து வைப்பது. அட்வான்ஸ் வாங்கி முடிக்காமல் இருக்கும் வேலைகளைத் தனியாக எழுதி, எதை முடித்துத் தர முடியும், எதற்குப் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று பிரிப்பது. கட்டட உரிமையாளரிடம் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தைப் பார்ப்பது. வரிக் கணக்கையும் பதிவையும் முறையாக முடிக்காவிட்டால் மூடிய கடைக்கும் கணக்கு கேட்டுக் கடிதம் வரலாம் என்பது. கேமராவை அவசரத்தில் அடிமாட்டு விலைக்கு விற்காமல் இருப்பது. வாடிக்கையாளருக்கு என்ன எழுதி அனுப்புவது என்று நாலு வரியை அங்கேயே எழுதினோம். கடைசி 5 நிமிடத்தில் அவர் செய்யப் போவதாகச் சொன்னது ஒன்றே ஒன்று: “அப்பாகிட்ட சொல்றேன்.” அடுத்த கூட்டத்துக்கு வந்தபோது சொல்லியிருந்தார். இன்றைக்கு அவர் வேறொருவரிடம் சம்பளத்துக்குப் படம் எடுக்கிறார், நன்றாகத் தூங்குகிறார். வட்டத்துக்குக் கடைசிவரை வந்தார்.

ஒரு தொழில் மூடியதை இந்தச் சேவையின் வெற்றியாகச் சொல்லலாமா என்று சிலர் கேட்கலாம். நான் சொல்வேன்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். கொஞ்சம் இருக்கிறது.

கூட்டம் மாலை ஆறரைக்கு. கடை வைத்திருப்பவருக்கு அதுதான் வியாபார நேரம், குழந்தை வைத்திருப்பவருக்கு அதுதான் வீட்டு நேரம். எங்கள் வட்டத்தில் மூன்று பெண்கள், மூன்று பேரும் ஒரு கூட்டத்துக்காவது பாதியில் எழுந்து போயிருக்கிறோம். ஆண்கள் ஒருவரும் அப்படிப் போகவில்லை. வேலையையும் வீட்டையும் சமமாகப் பார்க்கும் வாழ்க்கை பற்றிப் பேசும் இடத்தில் இதை யோசிக்காமல் விட்டது உறுத்துகிறது.

ஒவ்வொரு கூட்டமும் கண்ணை மூடி மூன்று நிமிடம் மூச்சைக் கவனிப்பதில் தொடங்கும். சிலருக்குப் பிடித்தது. நான் அந்த மூன்று நிமிடமும் மிஷினை அணைத்தேனா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அப்புறம் அந்தப் பயிற்சித் தாள்கள்! ‘உங்கள் கனவைச் சக்கரமாக வரையுங்கள்’ வகை. 12 கூட்டத்துக்கு 12 தாள். முதல் தாளைத் தவிர எதுவும் எனக்குப் பயன்படவில்லை. எங்கேயோ மொத்தமாக வாங்கி வைத்த மாதிரி இருந்தது.

முறை பங்கிடுவதில் ஒழுங்கு போதாது. சத்தமாகப் பேசுபவருக்கு அவசரம் அடிக்கடி வரும், அமைதியாக இருப்பவருடைய முறை தள்ளிப்போகும். நாற்றங்கால் அக்காவின் முறை மூன்று தடவை தள்ளிப்போனது, அவரும் பரவாயில்லை என்றே சொன்னார். ‘பரவாயில்லை’ என்று சொல்லும் பழக்கத்தை விடுவதற்காகத்தான் அவர் அங்கே வந்ததே. நடத்துபவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். நான்காவது தடவை மரவேலை அண்ணன் தன் முறையை அவருக்குக் கொடுத்தார்.

விற்கக் கூடாது என்ற விதியை ஒருவர் மீறினார். கணக்கு எழுதிக்கொடுப்பவர்தான். ஏழாவது கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் ஸ்டுடியோ தம்பியிடம் தன் சேவைக்கு விலை சொல்லியிருக்கிறார். விஷயம் தெரிந்து அடுத்த கூட்டத்தின் தொடக்கத்திலேயே பேசித் தீர்த்தார்கள், அவரும் மன்னிப்புக் கேட்டார். அதே கூட்டத்தில்தான் அந்தத் தம்பி மூடப் போகிறேன் என்று சொன்னார், அதே ஆள்தான் முதல் கேள்வியைக் கேட்டார். மனுஷர்கள் விசித்திரம். ஆனால் ஒன்றைக் கவனித்தேன்: அதற்கப்புறம் அந்தக் கணக்குக்காரர் என் பில் புத்தகத்தைப் பார்க்கும்போது எனக்குள் ஒரு சின்னத் தயக்கம். அது கடைசிவரை முழுசாகப் போகவில்லை.

நடத்துபவர் நல்லவர், கூர்மையானவர். ஆனால் ஒரே நேரத்தில் இப்படி நாலு வட்டம் நடத்துகிறார். இரண்டு கூட்டத்தைக் கடைசி நேரத்தில் ரத்துசெய்தார், உடம்பு முடியவில்லை என்று. வேலை நேரத்துக்கு எல்லை போடுங்கள் என்று நினைவூட்டும் குறுஞ்செய்தி அவரிடமிருந்து எனக்கு ஒருநாள் ராத்திரி 11:40க்கு வந்தது. பத்தாவது கூட்டத்தில் அச்சகக்காரர் அவரையே பேச வைத்தார். அதுவும் ஒரு நல்ல கூட்டம்தான், ஆனால் அதற்குச் சந்தா கட்டியது நாங்கள்!

இன்னொன்று, இதை யாரும் சேரும்போது சொல்வதில்லை. கழுத்துவரை கடனில் இருப்பவர்களுக்கு இது முதல் இடம் இல்லை. கடன்காரர் வாசலில் நிற்கும்போது 15 நாளுக்கு ஒருமுறை கூடும் வட்டம் என்ன செய்யும்? அவர்களுக்குத் தேவை ஒரு கணக்காளரும் ஒரு வழக்கறிஞரும். மனசு ரொம்ப உடைந்திருப்பவர்களுக்கு ஒரு மருத்துவர். எங்கள் வட்டத்தில் ஒருவர் இரண்டு கூட்டம் தொடர்ந்து தூக்கமே இல்லை என்று சொன்னபோது, நடத்துபவர் தனியே அழைத்துப் பேசி மருத்துவரிடம் அனுப்பினார். அதைச் சரியாகச் செய்தார். ஆனால் விளம்பரத்தில் எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து மாதிரி எழுதியிருப்பதை மாற்ற வேண்டும்.

என் கடையில் என்ன மாறியது என்று கேட்டால், பாதி மாறியது. பெரிய நிறுவனத்திடம் போய் 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி 30 நாளில் என்று கேட்டேன். கேட்பதற்கு முந்தின கூட்டத்தில் ஐந்து பேர் முன்னால் அந்தப் பேச்சை ஒத்திகை பார்த்தேன். அச்சகக்காரர் கொள்முதல் அதிகாரியாக நடித்தார், நிஜ அதிகாரியைவிடக் கடுமையாக. அட்வான்ஸ் கிடையாது என்றார்கள். 45 நாள் என்றால் 45 நாள் என்று எழுத்தில் கொடுத்தார்கள், ஆர்டரை மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இப்போது பணம் 50, 55 நாளில் வருகிறது. மற்றவர்களுக்கு விலையை 10 சதவீதம் ஏற்றினேன். ஒன்பது பேரில் இரண்டு பேர் போனார்கள், அதில் ஒருவர் திரும்பி வந்தார். புதிதாக இரண்டு சின்ன இடம் கிடைத்தது. 58 சதவீதமாக இருந்த பெரிய நிறுவனத்தின் பங்கு இப்போது 44. ஓவர்லாக் பெண்ணுக்குக் கூலி ஏற்றியிருக்கிறேன், என்னுடையதும் அவளுடையதற்குக் கிட்டே வந்துகொண்டிருக்கிறது.

மாறாதது: போன் அடித்தால் எரிச்சல். குறைந்திருக்கிறது, போகவில்லை. வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொண்டேன் என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான், ஆனால் ஆறு மாதத்தில் மூன்று தடவைதான் சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்றை அடுத்த நாளே போன் செய்து வாங்கிக்கொண்டேன்.

சேர நினைப்பவர்களுக்கு மூன்று விஷயம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அதே தொழில்காரர் யாராவது அதே வட்டத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள். நடத்துபவர் உங்களுக்கு வேறு ஏதாவது சேவை விற்பவரா என்றும் கேளுங்கள், விற்பவர் என்றால் நான் சேர மாட்டேன். போகும்போது மூன்று மாத வங்கிக் கணக்கையும் பில் புத்தகத்தையும் கொண்டுபோங்கள். வெறுங்கையோடு போனால் ஆறுதல் கிடைக்கும், கணக்கு கிடைக்காது. எங்களில் ஒருவர் கடைசிவரை கணக்கைக் கொண்டுவரவே இல்லை. அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் மனம்விட்டுப் பேசினார், அழவும் செய்தார், நாங்களும் கேட்டோம். 12 கூட்டம் முடிந்தபோது அவர் தொழிலைப் பற்றி எங்கள் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

ஐந்துக்கு எத்தனை என்றால் நாலு கொடுப்பேன். அந்த ஒன்றை ஆறரை மணிக்காகவும் சக்கரத் தாள்களுக்காகவும் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது சுற்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கூட்டத்தைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன், நாற்றங்கால் அக்காவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. மேஜை ஓரத்தில் கோடு போடுவதை நிறுத்தவில்லை. 110ஐத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறேன். போன வாரம் 113. பெரிய நிறுவனத்துக்கு டெலிவரி இருந்தது.